இருட்டுக் காதல் கதைகள் படிக்க ஆரம்பிக்கிறீர்களா?

நான் முதன்முதலில் வாங்கிய டார்க் ரொமான்ஸ் நாவலின் அட்டையில் ஒரு ரோஜா இருந்தது. கறுப்புப் பின்னணி, ஒற்றை ரோஜா, அவ்வளவுதான். ஏதோ சோகமான காதல் கதை போலிருக்கிறது என்று நினைத்து, சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படுத்துக்கொண்டே ஆரம்பித்தேன். 2 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, "இன்னும் லைட் எரியுதே, என்னடி பண்றே?" என்றாள். அந்த நேரத்தில் ஒருவன் கதாநாயகியைக் கார் டிக்கியில் போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தான். வில்லன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அவன்தான் கதாநாயகன் என்பது அப்போதுதான் உறைத்தது. "ஒண்ணுமில்லம்மா, கதைதான்" என்றேன்.

இந்தக் கதையில் கடத்தல் உண்டு, வன்முறை உண்டு, இதெல்லாம் உங்களுக்கு ஒத்துவராது என்றால் படிக்காதீர்கள் என்று ஆசிரியர் முன்பக்கத்திலேயே எழுதியிருந்தார். என் கருவியில் மின்நூல் நேராக முதல் அத்தியாயத்தில் திறந்துகொண்டது. பின்னால் தள்ளிப் பார்த்தால் அந்தப் பக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரிய மூன்று நாள் ஆயிற்று.

போன மாதம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண், "அக்கா, இந்த மாதிரி கதைகளை எதுல ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாள். வாட்ஸ்ஆப்பில் அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். 18 வயது ஆகாதவர்கள் மூன்றாம் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் படி: கதை என்ன வாக்குக் கொடுக்கிறது என்று பாருங்கள்

டார்க் ரொமான்ஸும் ஹாரரும் கடையில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கும். அட்டைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: மண்டையோடு, பாம்பு, வாடிய பூ. ஆனால் இரண்டும் வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு வேறு. டார்க் ரொமான்ஸ் என்னதான் படுத்தினாலும் கடைசியில் ஜோடி சேர்ந்துவிடும். அந்த வகை வாசகர்கள் இதை ஹெச்.இ.ஏ. என்பார்கள், "சுபம்" போட்டு முடியும் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாரர் அப்படி எந்த வாக்கும் கொடுப்பதில்லை. நமக்குப் பிடித்த ஆள் பாதிக் கதையில் செத்துப்போகலாம், பேய் ஜெயித்துவிடலாம்.

இரண்டுக்கும் தாய்வீடு கோதிக் கதைகள். 1764-ல் ஹொரேஸ் வால்போல் ஒரு பழைய கோட்டை, ஒரு சாபம், ஓடி ஒளியும் ஒரு இளம்பெண் என்று எழுதிய கதையிலிருந்து அந்த வகையைக் கணக்கெடுப்பது வழக்கம். கோதிக்கில் முடிவு எப்படியும் இருக்கலாம். ஆனால் ஒரு பெரிய வீடு இருக்கும், அந்த வீட்டில் சொல்லப்படாத விஷயம் ஒன்று இருக்கும்.

"காதல் கதைதானே" என்று நம்பி ஹாரரை எடுத்தால் ஏமாற்றம். திகிலை எதிர்பார்த்து டார்க் ரொமான்ஸை எடுத்தால் எரிச்சல். நிறையப் பேர் இந்தக் கதைகளைத் திட்டுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் படி: உங்களுக்கு எந்தப் பயம்?

இதற்கு நான் பயன்படுத்தும் அளவுகோல் தொல்காப்பியத்தில் இருக்கிறது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே உதவுகிறது. உணர்ச்சிகளைப் பற்றிய மெய்ப்பாட்டியல் பகுதியில், அச்சம் நான்கு வழியாக வரும் என்று தொல்காப்பியர் கணக்குச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்றால் பேய், தெய்வம் மாதிரி கண்ணுக்குப் பிடிபடாமல் வருத்துவது. விலங்கு நமக்குத் தெரியும். கள்வர், நமக்குக் கேடு செய்ய வரும் மனிதர்கள். இறை என்பது நமக்கு மேலே அதிகாரத்தில் இருப்பவர். அரசன், தந்தை, ஆசிரியர் என்று உரையாசிரியர்கள் விரிப்பார்கள்.

கையில் எடுத்த எந்தத் திகில் கதையையும் இந்த நாலில் போட்டுப் பாருங்கள். ஆவி, பில்லி சூனியம் எல்லாம் அணங்கு. ஓநாய் மனிதன் விலங்கு. தொடர் கொலைகாரன் கள்வர். பூட்டிய வீட்டுக்குச் சொந்தக்காரனான கணவன், இறை. உங்களுக்கு எந்தப் பயம் சுகமாக இருக்கிறது, எந்தப் பயம் வயிற்றைப் பிசைகிறது என்று நாலைந்து கதையிலேயே தெரிந்துவிடும். எனக்கு அணங்கு எவ்வளவு வேண்டுமானாலும் பரவாயில்லை, ராத்திரி தனியாக உட்கார்ந்து படிப்பேன். கள்வர் கதை படித்தால் வாசல் தாழ்ப்பாளை மூன்று தடவை போய்ப் பார்ப்பேன்.

டார்க் ரொமான்ஸ் செய்வது இவ்வளவுதான்: இந்த நாலில் ஒன்றை எடுத்துக் காதலனாக்கிவிடுகிறது. ரத்தம் குடிக்கும் வேம்பயர் காதலன், ஓநாய்க் காதலன், மாஃபியாக் காதலன், முதலாளிக் காதலன். பட்டியலை மேலே உள்ள வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அச்சாகப் பொருந்தும். காதலையும் பயத்தையும் முடிச்சுப் போட்டது இன்றைய ஆட்கள் என்றும் நினைக்க வேண்டாம். திருக்குறளில் காமத்துப்பாலின் முதல் குறளே "அணங்குகொல்" என்றுதான் தொடங்குகிறது. பெண்ணை முதன்முதலாகப் பார்த்தவனுக்கு முதலில் வாயில் வரும் சொல் அது. மயிலோ என்று அவன் கேட்பது அப்புறம்தான்.

மூன்றாம் படி: சின்னக் கதையில் ஆரம்பியுங்கள்

600 பக்க நாவலில் குதிக்க வேண்டாம். ஒரே உட்காரலில் முடிகிற கதைகள் மூன்று போதும்.

முதலாவது, நீலத்தாடிக்காரன் கதை. பிரான்சில் ஷார்ல் பெரோ 1697-ல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது, நாலைந்து பக்கம்தான். பணக்காரக் கணவன் வெளியூர் போகும்போது வீட்டுச் சாவிக்கொத்தை மனைவியிடம் கொடுத்து, எந்த அறையை வேண்டுமானாலும் திற, இந்தச் சின்னச் சாவியின் அறையை மட்டும் திறக்காதே என்கிறான். திறக்கிறாள். உள்ளே அவனுடைய முந்தைய மனைவிகளின் பிணங்கள். பயத்தில் சாவி கீழே விழுந்து ரத்தக் கறை பட்டுவிடுகிறது. அதற்கப்புறம் வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். ஒரு பக்கம் கறை போனால் மறு பக்கத்தில் வந்து நிற்கிறது. அடுக்களையில் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் கையிலேயே தெரியும். இன்று வருகிற டார்க் ரொமான்ஸ்களில் பாதி, இந்தக் கதையைத் திருப்பிப் போட்டவை: கதவைத் திறந்து பார்த்த பிறகும் அவள் அங்கேயே இருந்தால் என்ன ஆகும்?

இரண்டாவது, புதுமைப்பித்தனின் "காஞ்சனை". அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையானவை. மதுரைத் திட்டம் இணையதளத்தில் அவர் கதைகளை இலவசமாகப் படிக்கலாம். ஒரு எழுத்தாளர், அவர் மனைவி, வீட்டுக்குள் வந்து சேரும் ஒரு பெண். பேய் இருந்ததா இல்லையா என்று கடைசி வரை அடித்துச் சொல்ல மாட்டார். பயம் கண் வழியாக வருவதைவிட மூக்கு வழியாகத்தான் அதிகம் வரும். படித்தால் நான் சொல்வது புரியும்.

மூன்றாவது, அயர்லாந்துக்காரர் ஷெரிடன் லெஃபானு எழுதிய "கார்மில்லா". 1871-72-ல் பத்திரிகையில் தொடராக வந்தது. டிராகுலாவுக்கு 25 வருடம் மூத்தது. 16 சின்ன அத்தியாயங்கள். வண்டி கவிழ்ந்த விபத்துக்குப் பிறகு விருந்தாளியாக வந்து தங்கும் ஒரு பெண்ணிடம், தனிமையில் வளர்ந்த லாரா மயங்கவும் செய்கிறாள், கூசவும் செய்கிறாள். இரண்டும் ஒரே நேரத்தில். இந்த வகைக் கதைகளின் ருசி உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. ஒரு குறிப்பு மட்டும்: கதையில் வரும் பெண்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு எழுத்துகளைக் கவனியுங்கள். அதற்கு மேல் சொன்னால் ஸ்பாய்லர்.

நாலாம் படி: ஒரு பெரிய வீட்டுக்குள் போங்கள்

இனி நாவல். இரண்டில் ஒன்றை எடுங்கள்.

பேய் வேண்டும் என்றால் பிராம் ஸ்டோக்கரின் "டிராகுலா", 1897. முழுக்க நாட்குறிப்பும் கடிதமுமாக ஓடும் கதை. மொத்தம் 27 அத்தியாயம், ஆனால் முதல் நாலு அத்தியாயத்தைத் தனி நாவல் மாதிரி படித்துவிட்டு ஒரு வாரம் மூடிவைக்கலாம் என்பேன். அந்த நாலில் ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல் டிராகுலாவின் கோட்டைக்குப் போய் மாட்டிக்கொள்கிறான். ஆரம்பப் பக்கங்களில் அவன் என்ன எழுதுகிறான் தெரியுமா? வழியில் சாப்பிட்ட மிளகாய்க் கோழிக்குச் செய்முறை கேட்டு வாங்க வேண்டும், மீனாவுக்காக என்று. மீனா அவனுக்கு நிச்சயமான பெண். நம்ம ஊர் மீனா இல்லை, வெள்ளைக்காரப் பெயர். சாப்பாட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டு போனவன் சில நாளில் ஜன்னல் வழியே பார்க்கிறான்: வீட்டுக்காரர் கோட்டைச் சுவரில் தலைகீழாக, பல்லி மாதிரி இறங்கிக்கொண்டிருக்கிறார். நம் வீட்டில் டியூப்லைட் பக்கத்தில் தினமும் பார்க்கிற பல்லிதான். அன்றைக்கு ராத்திரி நான் அதைப் பார்த்த பார்வை வேறு.

நடுப்பகுதி கொஞ்சம் தொய்யும். லூசி என்ற பெண்ணுக்கு நாலு ஆண்கள் மாற்றி மாற்றி ரத்தம் கொடுப்பார்கள். ரத்த வகைகளைப் பற்றி லேண்ட்ஸ்டைனர் என்ற விஞ்ஞானி எழுதியதே 1901-ல்தான், ஸ்டோக்கருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இன்றைக்குப் படிக்கும்போது டிராகுலாவைவிட டாக்டர்கள் மேல்தான் பயம் வருகிறது.

பேய் வேண்டாம், மனிதர்கள் போதும் என்றால் டாஃப்னி டு மாரியேயின் "ரெபெக்கா", 1938. இதில் ஒரு ஆவிகூடக் கிடையாது. செத்துப்போன முதல் மனைவியின் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது. கதை சொல்லும் இரண்டாம் மனைவியின் பெயர் கடைசிப் பக்கம் வரை வராது. இந்த ஒரு ஏற்பாட்டிலேயே பாதித் திகில் வந்துவிடுகிறது. ஒரு காட்சி சொல்கிறேன். புது மனைவி, முதல் மனைவியின் மேசையில் புத்தகம் அடுக்கும்போது ஒரு பீங்கான் பொம்மையைத் தட்டி உடைத்துவிடுகிறாள். அந்த வீட்டுக்கே எஜமானி அவள்தான். ஆனாலும் துண்டுகளைப் பொறுக்கி, ஒரு உறையில் போட்டு, இழுப்பறையின் உள்ளே தள்ளி ஒளித்துவைக்கிறாள். பழி வேலைக்காரப் பையன் மேல் விழுகிறது. அப்புறம் அவள் ஒப்புக்கொள்ள வேண்டி வருகிறது, அதுவும் வீட்டை நிர்வகிக்கும் மிஸஸ் டேன்வர்ஸின் முன்னால். கல்யாணமான முதல் வாரம் மாமியார் வீட்டில் கண்ணாடி டம்ளரை உடைத்தவர்கள் இந்த அத்தியாயத்தை மூச்சுவிடாமல் படிப்பார்கள். தொல்காப்பியர் கணக்கில் இது நாலாவது அச்சம், இறை.

டிராகுலாவும் கார்மில்லாவும் குட்டன்பர்க் திட்டம் என்ற இணையதளத்தில் இலவசம். ரெபெக்காவை வாங்க வேண்டும், இல்லை நூலகத்தில் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: புதிய டார்க் ரொமான்ஸ் வாங்குமுன்

இங்கேதான் நான் டிக்கிக்குள் மாட்டியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மின்நூல் திறந்ததும் முதல் வேலை, பின்னால் தள்ளி அட்டை வரை போவது. ட்ரிக்கர் வார்னிங் என்ற எச்சரிக்கைப் பக்கம் இருந்தால் முழுசாகப் படியுங்கள். "என் இணையதளத்தில் பட்டியல் உள்ளது" என்று மட்டும் எழுதியிருந்தால் சோம்பல் படாமல் போய்ப் பாருங்கள். ஸ்டோரிகிராஃப் தளத்தில் வாசகர்களே ஒவ்வொரு புத்தகத்துக்கும் என்னென்ன கடுமையான விஷயம், எவ்வளவு கடுமையாக வருகிறது என்று குறித்திருப்பார்கள். கதையின் திருப்பம் தெரிந்துபோகுமே என்று தயங்க வேண்டாம். என் தோழி ஒருத்திக்குக் கர்ப்பம் கலைந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் ஆகா ஓகோ என்று புகழ்ந்து கொடுத்த நாவலில் அதே காட்சி வந்தது. படித்தபோது அது என் கண்ணில் படவே இல்லை. இப்போது யாருக்குப் புத்தகம் கொடுத்தாலும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் காட்டுகிறேன்.

அடுத்து, சில சொற்கள். மாரலி கிரே என்றால் நல்லவனா கெட்டவனா என்று சொல்ல முடியாத நாயகன். பல சமயம் கெட்டவனேதான், சட்டை நன்றாக இருக்கும். ஸ்டாக்கர் என்றால் பெண்ணைப் பின்தொடர்ந்து திரியும் நாயகன். கேப்டிவ் என்றால் அடைத்துவைக்கும் கதை. டப்கான் என்ற சொல்லைக் கவனியுங்கள்: அவள் சம்மதித்தாளா இல்லையா என்பது தெளிவில்லாத படுக்கைக் காட்சிகள் உண்டு என்று அர்த்தம். நான்கான் என்றால் சம்மதமே இல்லை. ஸ்பைஸ் என்பது அந்தரங்கக் காட்சிகளின் அளவு. மிளகாய்ப் படம் போட்டுக் காட்டுவார்கள். டூயட் என்றால் பாட்டு இல்லை, இரண்டு பாகக் கதை. முதல் பாகம் அந்தரத்தில் தொங்கவிட்டு முடியும். மாதக் கடைசியில் முதல் பாகம் மட்டும் வாங்கிவிட்டுத் தவித்த அனுபவம் உண்டு. ஒரே புத்தகத்தில் முடிய வேண்டும் என்றால் ஸ்டாண்டலோன் என்று தேடுங்கள்.

விமர்சனங்களில் 5 நட்சத்திரத்தையும் 1 நட்சத்திரத்தையும் விடுங்கள். இரண்டும் கத்தல். 2, 3 நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் என்ன இருக்கிறது, எந்த இடத்தில் மனசு விட்டுப்போனது என்று பொறுமையாகச் சொல்லியிருப்பார்கள். அப்புறம் இலவச மாதிரிப் பகுதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: நடுவில் நிறுத்தப் பழகுங்கள்

வாசகர்கள் டி.என்.எஃப். என்பார்கள், முடிக்காமல் விட்டது. காசு கொடுத்தாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் 50 பக்கம் பார்ப்பேன். திகில் பிடித்து மனசு துடிப்பது வேறு, ஏதோ பழைய நினைவு கிளறி உடம்பு நடுங்குவது வேறு. இரண்டாவது வந்தால் மூடிவிடுங்கள், அன்றைக்கே. வேறு ஏதாவது படியுங்கள், சமையல் குறிப்பானாலும் சரி.

படிக்கும் நேரமும் முக்கியம். புதிதில் பகலில் படியுங்கள். ராத்திரி படித்தே தீருவேன் என்றால் அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தாதீர்கள், நடுவில் நிறுத்துங்கள். முடிவில்தான் ஆசிரியர் கொக்கி போட்டிருப்பார், தூக்கம் போய்விடும். அத்தியாயத்தின் நடுவில் யாராவது டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஏழாம் படி: தமிழில் வருவதைப் படிக்கும்போது

தமிழ்ச் செயலிகளிலும் மின்நூல்களிலும் இந்த வகைக்கு "ஆன்டி ஹீரோ கதை" என்று பெயர். கட்டாயக் கல்யாணம், பழிவாங்கக் கட்டிய தாலி, கோபக்காரக் கணவன். நல்ல எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கைப் பக்கம் வைக்கும் பழக்கம்தான் எல்லோரிடமும் இல்லை. அதனால் முதல் மூன்று அத்தியாயத்தின் கீழே வாசகர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு சங்கடம் உண்டு. இருட்டு என்று தெரிந்து எழுதிய கதை ஒன்று. இருட்டு என்றே தெரியாமல் எழுதிய கதை இன்னொன்று. முதலாவதில் அவன் அவளை அடைத்துவைத்தால், அடைத்துவைத்தான் என்று கதைக்குத் தெரியும். இரண்டாவதில் அவன் கன்னத்தில் அறைவான், அடுத்த வரியிலேயே அது பாசம் என்று கதை சொல்லும். அந்தக் கதைகளுக்கு "குடும்ப நாவல்" என்று பெயர் போட்டிருக்கும், அதுதான் வேடிக்கை. வித்தியாசம் கண்டுபிடிக்க நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அவளுடைய பயம் கதையில் கணக்கில் வருகிறதா? பயந்தவள் பயந்ததை யாராவது, குறைந்தபட்சம் ஆசிரியராவது, கவனிக்கிறாரா? கவனித்தால் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் படிப்பேன்.

பழைய கதை ஒன்றையும் இந்தக் கேள்வியோடு படித்துப் பாருங்கள்: பழையனூர் நீலி. சம்பந்தர் தேவாரத்திலேயே குறிப்பு இருக்கிறது. திருவாலங்காட்டுப் பக்கத்து ஊர். முற்பிறவியில் கணவன் கையால் செத்தவள் பேயாகி, இந்தப் பிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டுப் போகிறார் என்று ஊர்ப் பெரியவர்களிடம் அழுகிறாள். நீலிக்கண்ணீர் என்ற சொல் வந்தது அங்கிருந்துதான். அவனோ நடுங்குகிறான், இவள் பேய் என்கிறான், என் உயிருக்குக் காவல் இந்த மந்திரக் கத்திதான் என்கிறான். பெரியவர்கள் இதைப் புருஷன் பெண்டாட்டி சண்டையாகத்தான் பார்க்கிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் 70 பேரும் உயிர் விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து, கத்தியை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஒரே அறையில் தங்க வைக்கிறார்கள்.